கேடா தொலைக்காட்சி: ஒரு கிராமத்து நிலையத்தின் எழுச்சியும் வீழ்ச்சியும்

கேடா தொலைக்காட்சி என்பது குஜராத் மாநிலம் கேடா மாவட்டத்தில் நடந்த உள்ளூர்த் தொலைக்காட்சித் திட்டம். பிஜ் என்னும் கிராமத்தில் நிறுவப்பட்ட சிறிய டிரான்ஸ்மிட்டரைக் கொண்டு 1975-இல் தொடங்கியது. இஸ்ரோவின் அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையமும் தூர்தர்ஷனும் சேர்ந்து இதை நடத்தின. ‘கேடா தகவல்தொடர்புத் திட்டம்’ என்பது இதன் அலுவல் பெயர். 1985 வரை நல்ல நிலையில் நடந்து, பின்னர் நலிந்து, 1980-களின் இறுதியோடு ஓய்ந்துபோனது. காந்தியடிகள் 1918-இல் வரிகொடா சத்தியாகிரகம் நடத்திய மாவட்டமும் இதுதான். தமிழ் நூல்களில் ‘கேதா’ என்றும் எழுதப்பட்டிருக்கும்.

இதழியல், காட்சித் தொடர்பியல் பாடநூல்களில் கேடாவுக்கு ஒரு பத்தி உண்டு. 650 பெட்டிகள், 400 கிராமங்கள், நாள்தோறும் ஒரு மணி நேரம், யுனெஸ்கோ பரிசு. மாணவர்கள் மனப்பாடம் செய்து இரண்டு மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். ‘வெற்றிபெற்ற சோதனை’ என்று அந்தப் பத்தி முடிந்துவிடும். வெற்றிபெற்ற ஒன்று ஏன் மூடப்பட்டது என்ற கேள்வி அங்கே எழுவதே இல்லை. இக்கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

பின்னணி

இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15-இல் டெல்லியில் சோதனை முறையில் தொடங்கியது. நெடுங்காலம் அது டெல்லியைத் தாண்டவே இல்லை. 1967 ஜனவரி 26-இல் ‘கிருஷி தர்ஷன்’ என்னும் வேளாண் நிகழ்ச்சி டெல்லியைச் சுற்றியிருந்த 80 கிராமங்களுக்காகத் தொடங்கப்பட்டது. கிராமத்தானுக்கும் தொலைக்காட்சிக்கும் ஏற்பட்ட முதல் உறவு என்று இதைச் சொல்லலாம்.

பெருநகரங்களில் தொடங்கி மெல்லக் கிராமங்களுக்குப் போவது என்பதே உலகெங்கும் தொலைக்காட்சி பரவிய முறை. விக்ரம் சாராபாய் இதைத் தலைகீழாக்க விரும்பினார். செயற்கைக்கோள் இருந்தால், சாலைகூட இல்லாத ஊருக்கும் நகரத்துக்குப் போகும் அதே நாளில் படத்தை அனுப்பலாம் என்பது அவர் வாதம். அமெரிக்காவின் நாசாவோடு 1969-இல் ஒப்பந்தம் ஆயிற்று. சாராபாய் 1971 டிசம்பரில் காலமானார். அவர் கனவு கண்ட ‘சைட்’ எனப்படும் செயற்கைக்கோள் வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை, 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களில் நடந்தது. ஆந்திரமும் கர்நாடகமும் அதில் இருந்தன, தமிழ்நாடு இல்லை. ஓராண்டு முடிந்ததும் ஏடிஎஸ்-6 என்ற அந்த நாசா செயற்கைக்கோள் இந்திய வானைவிட்டு நகர்ந்துவிட்டது. பெட்டிகள் மட்டும் ஊர்களில் மிஞ்சின.

கேடா இதே காலத்தில், இதே விஞ்ஞானிகளின் கையில் பிறந்த பிள்ளை. ஆனால் குணத்தில் வேறு. ‘சைட்’ ஒரே நேரத்தில் பல மாநிலங்களுக்குப் பேசியது. ஒடிசாவின் வயலுக்கும் ராஜஸ்தானின் மணலுக்கும் ஒரே வானத்திலிருந்து படம் வந்தது. கேடாவோ ஒரு மாவட்டத்துக்கு, அந்த மாவட்டத்துப் பேச்சில், அந்த மாவட்டத்துச் சிக்கலைப் பற்றிப் பேசியது. விண்வெளித் துறையினர் செய்த மிகச் சிறந்த தொலைக்காட்சிப் பணி, விண்வெளியை அதிகம் நம்பாத இந்தப் பணிதான் என்பது என் கருத்து.

அப்போது மையத்தின் இயக்குநராக இருந்தவர் யஷ்பால். 1993-இல் பள்ளிப் பாடச்சுமையைக் குறைக்கச் சொல்லி அறிக்கை தந்த குழுவின் தலைவர் என்றே ஆசிரியர்களாகிய நாங்கள் அவரை அறிவோம். சொல்வதற்கு முன் கேட்பவன் யாரென்று அறிய வேண்டும் என்ற அந்த அறிக்கையின் மனப்பான்மை, கேடாவிலும் தெரிகிறது.

நிலையம் இயங்கிய விதம்

பிஜ், நடியாத் நகருக்கு அருகிலுள்ள ஊர். அங்கே 1 கிலோவாட் சக்தியுள்ள டிரான்ஸ்மிட்டரும் கோபுரமும் அமைக்கப்பட்டன. நிகழ்ச்சி தயாரிக்கும் ஸ்டுடியோ அகமதாபாத்தில், மையத்தின் வளாகத்தில் இருந்தது. அங்கிருந்து பிஜுக்கு இணைப்பு. பிஜிலிருந்து கிராமங்களுக்கு ஒளிபரப்பு. தொலைக்காட்சி அலை ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வது. கோபுரத்தின் உயரமும் டிரான்ஸ்மிட்டரின் சக்தியும் எத்தனை தூரம் அனுமதிக்கின்றனவோ அதுவே நிலையத்தின் எல்லை. பிஜ் நிலையத்தின் எல்லை ஏறத்தாழ கேடா மாவட்டமாகவே அமைந்தது. குறைந்த சக்தி இங்கே குறையாக இருக்கவில்லை. அந்த எல்லைக்குள் இருப்பவர்களிடம் மட்டும் பேசினால் போதும் என்பதே நிலையத்தின் பலம்.

ஏறத்தாழ 400 கிராமங்களில், மாநில அரசு வழங்கிய 650 பொதுப் பெட்டிகள் வைக்கப்பட்டன. மாலை நேரத்தில் ஊரார் கூடி உட்கார்ந்து பார்ப்பார்கள். விளம்பரம் கிடையாது. யாரிடமும் எதையும் விற்க வேண்டிய தேவை இல்லாததால், பார்ப்பவர் எத்தனை பேர் என்பதைவிடப் பார்த்தவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்க அவர்களுக்கு நேரம் இருந்தது.

ஏன் கேடா? ஊர்கள் அகமதாபாத்துக்குப் பக்கம். பெரும்பாலான ஊர்களில் மின்சாரம் இருந்தது. 1946 முதல் பால் கூட்டுறவுச் சங்கங்கள் வேரூன்றிய மண். திட்டத்தைக் குறை சொன்னவர்கள் இதையே குறையாகச் சொன்னார்கள்: வளமான மாவட்டத்தில் கிடைத்த வெற்றியைப் பீகாரின் வறண்ட மாவட்டத்துக்குச் சான்றாகக் காட்ட முடியாது என்று. அது நியாயமான குறைதான். ஆனால் வளமான மாவட்டம் என்பதும் பாதி உண்மை. புகையிலையும் பாலும் விளைந்த சரோத்தர் மண்ணில் நிலம் பெரும்பாலும் பட்டிதார்களிடம் இருந்தது. அந்தப் புகையிலைக் காட்டில் கூலிக்கு நின்றவர்கள் வேறு சாதியினர். கேடாவில் வளமும் வறுமையும் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்தன. நிலையத்தின் நிகழ்ச்சிகளைப் புரிந்துகொள்ள இது முக்கியம்.

நிகழ்ச்சிகள்

வேளாண்மை, கால்நடை, உடல்நலம், குடும்பநலம் ஆகியவை எந்த அரசு நிலையத்திலும் இருக்கும். சென்னைத் தொலைக்காட்சியில் ‘வயலும் வாழ்வும்’ பார்த்தவர்களுக்கு அந்த நடை தெரியும். ஓர் அதிகாரி உரம் பற்றிச் சொல்வார். ஒரு விவசாயி தலையாட்டுவார். கேடா அங்கே நிற்கவில்லை. சுரண்டல், தீண்டாமை, குடி, குறைந்தபட்சக் கூலி, உள்ளாட்சி நிர்வாகத்தின் போக்கு ஆகியவற்றையும் எடுத்துக்கொண்டது. அரசுப் பணத்தில் நடக்கும் தொலைக்காட்சி, 1970-களில், நிலக்கிழாரின் ஊரிலேயே கூலியைப் பற்றிப் பேசியது என்பதைச் சற்று நின்று எண்ணிப்பார்க்க வேண்டும்.

நிகழ்ச்சிகளின் பெயர்களே அவற்றின் குரலைக் காட்டிவிடும். ‘சதுர் மோட்டா’ என்றால் விவரமான பெரியவர். தமிழிலும் ‘சதுரன்’ என்றால் கெட்டிக்காரன்தான். ஊருக்கு ஒருவர் அப்படி இருப்பார். ‘ஹு நே மாரா ஏ’ என்ற தலைப்பை ‘நானும் என் கணவரும்’ என்று பெயர்த்தால் சுவை போய்விடும். குஜராத்திப் பெண் கணவன் பெயரைச் சொல்லாமல் ‘ஏ’, அதாவது ‘அவர்’ என்கிறாள். ‘நானும் எங்க வீட்டுக்காரரும்’ என்றால் நமக்கு விளங்கும். ‘தாத் ஃபரியாத்’ என்பது நியாயம் கேட்டு முறையிடுவது. ‘ஹவே நா ஸஹேவா பாப்’ என்பது தீண்டாமையைப் பற்றிய தொடர். ‘இனி இந்தப் பாவத்தைச் சகியோம்’ என்று பொருள்படும். இவற்றில் ஒன்றுகூட அலுவலகக் கோப்பின் மொழி அல்ல. வாசலில் உட்கார்ந்து பேசும் மொழி. கிராம மக்களே பலவற்றில் நடித்தார்கள், எழுதவும் செய்தார்கள்.

இந்த மொழி தானாக வந்துவிடவில்லை. அதற்கு ஒரு முறை இருந்தது. தயாரிப்பாளர்களோடு சமூக அறிவியலாளர்களும் ஒரே அணியில் வேலை செய்தார்கள். முதலில் ஊருக்குப் போய் யாருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது, எது தெரிந்தும் செய்ய முடியவில்லை என்று கேட்பார்கள். பிறகு எழுத்துப்படி. அதை ஊராரிடம் காட்டிச் சோதிப்பது. ஒளிபரப்பிய பின் மறுபடி ஊருக்குப் போய், புரிந்ததா, கோபம் வந்ததா என்று கேட்பது. அந்த அணியில் பணியாற்றிய பெல்லா மோடி பின்னர் இம்முறையை 1991-இல் நூலாகவே எழுதினார். பல நாடுகளில் வளர்ச்சித் தொடர்பியல் மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள்.

மூன்றாவது கேள்வியை, அதாவது ‘தெரிந்தும் ஏன் செய்ய முடியவில்லை’ என்பதை, மாணவர்கள் தனியே கவனிக்க வேண்டும். அக்காலத்து வளர்ச்சித் திட்டங்கள் எல்லாம் கிராமத்தானுக்குத் தெரியவில்லை என்ற நம்பிக்கையில் கட்டப்பட்டவை. தகவல் கொடுத்தால் முன்னேறிவிடுவான் என்பது கணக்கு. சட்டப்படி கூலி எவ்வளவு என்று தெரிந்த ஒருவன் அதைக் கேட்டால் மறுநாள் வேலை போகும். அவனுக்குக் குறைவது தகவல் அல்ல. கேடா அணி இதைப் புரிந்துகொண்டது. புரிந்துகொண்ட பின் அவர்கள் செய்த நிகழ்ச்சிகள் உரம் பற்றிய நிகழ்ச்சிகளைப் போல எல்லோருக்கும் இனிக்கவில்லை; இனிக்கவும் முடியாது.

எல்லாமே தரமாக இருந்தன என்று சொல்ல வரவில்லை. நாள்தோறும் ஒரு மணி நேரத்தை நிரப்ப வேண்டிய நிலையத்தில் அலுப்பூட்டும் உரைகளும் இருந்திருக்கும். நல்ல கருத்தைச் சொல்லிவிட்டால் நல்ல நாடகம் ஆகிவிடும் என்ற மயக்கமும் இவ்வகைப் படைப்புகளில் பொதுவாக உண்டு. ‘விவரமான பெரியவர்’ ஒருவரை வைத்துப் பாடம் சொல்வதில் பள்ளிக்கூட வாடை அடிக்கும் என்பதை, அந்த வாடையிலேயே முப்பது ஆண்டு இருந்தவன் என்ற முறையில் ஒப்புக்கொள்கிறேன்.

பெட்டி யாருடைய வாசலில்

பொதுப் பெட்டி பொது இடத்தில் இருக்கும். பொது இடம் என்பது எல்லோருக்கும் ஒரே அளவு பொதுவாக இருப்பதில்லை. 1980-களின் பிற்பகுதியில் நான் பணியில் சேர்ந்த ஊரில் பஞ்சாயத்து டிவி அறை ஒன்று இருந்தது. வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ நேரத்தில் ஊரே அங்கே கூடும். அறைச் சாவி யாரிடம் இருக்கிறதோ அவர் வீட்டில் விருந்தாளி வந்தால் அன்று திறக்கத் தாமதமாகும். முன்வரிசையில் யார், மதிலுக்கு வெளியே நின்று பார்ப்பவர் யார் என்பதை யாரும் சொல்லித் தரவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கேடா கிராமங்களும் இதற்கு விலக்காக இருந்திருக்க முடியாது. தீண்டாமையைப் பற்றிய தொடரை, தீண்டாமை நிலவும் ஊரில், ஒரே பெட்டிமுன் இரு தரப்பும் பார்க்க வேண்டும். கூலியைப் பற்றிய நாடகத்தைக் கூலி கொடுப்பவர் நாற்காலியிலும் கூலி வாங்குபவர் தரையிலும் இருந்து பார்க்க வேண்டும். இதில் இரண்டு விளைவுகள் உண்டு. வீட்டுக்குள் தனித்தனியே பார்க்கும் இன்றைய டிவியில் கிடைக்காத ஒன்று அங்கே கிடைத்தது: தான் கேட்க நினைத்ததை ஒரு நடிகர் கேட்பதை, கேட்கப்பட வேண்டியவரோடு உட்கார்ந்து பார்ப்பது. மறுபக்கம், நிகழ்ச்சி முடிந்து விளக்கு அணைந்த பின் அவர்கள் இருவரும் அதே ஊரில் இருப்பார்கள். தயாரிப்பாளர் அகமதாபாத் திரும்பிவிடுவார்.

பாலும் படமும்

கேடாவைப் பற்றிய மதிப்பீடுகளில் பொதுவாக விடுபடும் ஒப்பீடு ஒன்று உண்டு. இதே மாவட்டத்தில், இதே ஊர்களில், இன்னொரு வலைப்பின்னலும் இயங்கியது. அதுதான் அமுல். தனியார் நிறுவனமான போல்சனுக்குப் பால் ஊற்ற மறுத்துப் போராடிய விவசாயிகள், 1946-இல் திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் கேடா மாவட்டக் கூட்டுறவு ஒன்றியத்தைத் தொடங்கினார்கள். வர்கீஸ் குரியன் 1949-இல் வந்து சேர்ந்தார். ஊரில் சங்கம், மாவட்டத்தில் ஒன்றியம், 1973 முதல் மாநிலத்தில் கூட்டமைப்பு. காலையும் மாலையும் பால் ஊருக்குள்ளிருந்து வெளியே போகும்; பணம் ஊருக்குள் வரும். குரியன் போன்ற வல்லுநர்கள் இருந்தார்கள். ஆனால் சட்டப்படி அவர்கள் உறுப்பினர்களின் பணியாளர்கள்.

தொலைக்காட்சியில் திசை வேறு. படம் அகமதாபாத்திலிருந்து ஊருக்குள் வந்தது. ஊரைக் கேட்டுத்தான் செய்தார்கள், ஊராரை நடிக்கவைத்தார்கள், எல்லாம் உண்மை. ஆனால் ஸ்டுடியோ இஸ்ரோவினுடையது. பெட்டிகள் அரசு கொடுத்தவை. ஒளிபரப்பும் உரிமை டெல்லியிடம். பிஜ் கிராமத்தாரிடம் இருந்தது கோபுரம் நின்ற மண் மட்டும்தான். பால் சங்கத்தில் ஓர் எருமை வைத்திருந்தவருக்கும் ஓர் ஓட்டு உண்டு. தொலைக்காட்சியில் யாருக்கும் ஓட்டு இல்லை. கருத்து மட்டும் கேட்கப்பட்டது.

குஜராத்தின் பால் கூட்டுறவு உறுப்பினர்கள் 5 லட்சம் பேர் ஆளுக்கு 2 ரூபாய் போட்டு, ஷியாம் பெனகலின் ‘மந்தன்’ திரைப்படத்தைத் தயாரித்தார்கள். ஆண்டு 1976. தொலைக்காட்சி தொடங்கியதற்கு அடுத்த ஆண்டு. ஒரு திரைப்படத்துக்குத் தயாரிப்பாளர்களாக இருக்க முடிந்த மக்களை, தங்கள் பெயரிலேயே நடக்கும் ஒரு தொலைக்காட்சிக்கு உரிமையாளர் ஆக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றினாலும் சட்டம் இடம் கொடுத்திராது. 1885-ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம் ஒலி, ஒளி அலைகளின் தனியுரிமையை அரசிடம் வைத்திருந்தது. பாலுக்குக் கூட்டுறவுச் சட்டம் இருந்தது. அலைக்கு அப்படி ஒன்று இல்லை. வான் அலைகள் பொதுமக்களின் சொத்து என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1995-இல்தான்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். மக்கள் கையில் இருந்திருந்தால் நிலையம் நிலைத்திருக்கும் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். எந்த மக்கள்? பால் சங்கங்களில் செல்வாக்குப் பெற்றிருந்தவர்கள் பெரும்பாலும் நிலமும் மாடும் உள்ளவர்கள். மாடே இல்லாத கூலிக்காரர் சங்கத்துக்கு வெளியேதான் நின்றார். நிலையத்தையும் அதே சங்கம் நடத்தியிருந்தால், குறைந்தபட்சக் கூலியைப் பற்றி ஒரு நாடகம் வந்திருக்குமா? எனக்கு ஐயம்தான். ‘இனி இந்தப் பாவத்தைச் சகியோம்’ என்ற தலைப்பை அந்த நிர்வாகக் குழு ஏற்றிருக்குமா? அகமதாபாத்தில் இருந்த ஒரு விஞ்ஞான நிறுவனத்துக்கு அந்த ஊரில் நிலமும் இல்லை, சாதியும் இல்லை, தேர்தலும் இல்லை. அந்தத் தூரம்தான் அவர்களுக்குத் துணிவைத் தந்தது. அதே தூரம்தான், நெருக்கடி வந்தபோது இது எங்களுடையது என்று சட்டப்படி சொல்ல ஊரில் ஒருவரும் இல்லாத நிலையையும் தந்தது. கேடாவின் சிறப்பும் பலவீனமும் ஒரே இடத்திலிருந்து வந்தவை. அதனால்தான் ‘மக்களிடம் கொடுத்திருக்க வேண்டும்’ என்று ஒரே வரியில் இதைத் தீர்க்க முடியவில்லை.

வீழ்ச்சி

1980-களில் காற்று மாறியது. 1982 ஆகஸ்ட் 15-இல் வண்ணமும் தேசிய நிகழ்ச்சியும் வந்தன. அந்த ஆண்டு நவம்பரில் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி. 1983 ஆகஸ்டில் இன்சாட்-1பி ஏவப்பட்டது. 1984-இல் நாளுக்கு ஒரு டிரான்ஸ்மிட்டர் என்ற வேகத்தில் நாடெங்கும் குறைந்த சக்தி டிரான்ஸ்மிட்டர்கள் நிறுவப்பட்டன. அதே ஆண்டு ஜூலையில் ‘ஹம் லோக்’ தொடர் தொடங்கி, விளம்பரதாரர் நிகழ்ச்சிக்கு வழி காட்டியது.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. அந்த டிரான்ஸ்மிட்டர்களின் சக்தி வெறும் 100 வாட். பிஜ் டிரான்ஸ்மிட்டரில் பத்தில் ஒரு பங்கு. அளவைப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு சின்னஞ்சிறு உள்ளூர் நிலையம். நூற்றுக்கணக்கான கேடாக்கள் பிறந்திருக்க வேண்டிய நேரம் அது. நடந்தது வேறு. அவற்றில் ஸ்டுடியோ இல்லை, தயாரிப்பாளர் இல்லை, உள்ளூர்ப் பேச்சு இல்லை. செயற்கைக்கோளிலிருந்து டெல்லி நிகழ்ச்சியை வாங்கி அப்படியே அனுப்புவது மட்டுமே வேலை. சிறிய நிலையம் என்பது வேறு, உள்ளூர் நிலையம் என்பது வேறு என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. தூர்தர்ஷனுக்கு ஓர் இந்திய ஆளுமை வேண்டும் என்று பி.சி.ஜோஷி தலைமையிலான குழு அப்போதுதான் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தது. அறிக்கை ஒரு திசையில், டிரான்ஸ்மிட்டர்கள் ஒரு திசையில்.

கேடாவுக்குள்ளும் மாற்றம் வந்தது. வசதியுள்ளவர்கள் சொந்தமாகப் பெட்டி வாங்கினார்கள். வீட்டில் பெட்டி உள்ளவர் பொது இடத்துக்கு வரமாட்டார். பொதுப் பெட்டி பழுதானால் கவலைப்படவும் மாட்டார். அவருக்கு வேண்டியது திரைப்படமும் கிரிக்கெட்டும் தேசியத் தொடரும். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாமும் அதைத்தான் பார்த்தோம். ஆனால் செல்வாக்குள்ளவரின் வீட்டுக்குள் டிவி போனதும், பொதுப் பெட்டிக்காகப் பேசும் குரல் ஊரில் மெலிந்துவிட்டது. அகமதாபாத்திலிருந்து தூர்தர்ஷனின் சக்தி மிகுந்த ஒளிபரப்பும் எட்டத் தொடங்கிய பின், பிஜ் டிரான்ஸ்மிட்டர் எதற்கு என்று கேட்பது அதிகாரிகளுக்கு எளிதாயிற்று.

1985-இல் அந்தக் கேள்விக்கு விடையும் வந்தது. பிஜ் ஒளிபரப்பை நிறுத்துவது. அந்த டிரான்ஸ்மிட்டரைச் சென்னையில், அன்றைய மெட்ராஸில், இரண்டாவது அலைவரிசை தொடங்கப் பயன்படுத்துவது என்று அரசு முடிவெடுத்தது. தமிழ் வாசகர்களுக்குக் கேடாவோடு நேரடித் தொடர்பு இந்த ஓர் இடத்தில்தான். பெருநகரவாசிக்கு ஓர் அலைவரிசை போதவில்லை என்று இரண்டாவதைக் கொடுக்க, கிராமத்தானுக்கு இருந்த ஒரே உள்ளூர் அலைவரிசையை எடுப்பது என்ற கணக்கு, காகிதத்தில் மிகவும் சிக்கனமாகத் தெரிந்திருக்கும். இருக்கும் கருவியை இடம் மாற்றுவதுதானே! கேடா மக்கள் எதிர்த்தார்கள். ஊடக ஆய்வாளர்களும் எதிர்த்தார்கள். தங்களுக்குச் சொந்தமில்லாத ஒன்றுக்காக அந்தக் கிராமத்தார் குரல் கொடுத்தார்கள் என்பது, எந்த ஆய்வு முடிவையும்விட வலுவான மதிப்பெண் என்று நினைக்கிறேன். ஆனால் எதிர்ப்பு என்பது கோரிக்கைதான், உரிமை அல்ல. அமுலின் பால் பதனிடும் ஆலையைக் கழற்றி வேறு ஊருக்குக் கொண்டுபோக ஓர் அமைச்சகத்தால் உத்தரவிட முடியாது. டிரான்ஸ்மிட்டரை முடியும்.

யுனெஸ்கோ பரிசு, ஊரகத் தகவல்தொடர்புக்காக, ஏறத்தாழ இதே ஆண்டுகளில்தான் கிடைத்தது. பாடநூல்கள் பரிசை எழுதுகின்றன. அதையொட்டி நடந்ததை எழுதுவதில்லை. அதற்குப் பிறகு திட்டம் முன்போல் நிமிரவில்லை. மைய அணியின் ஒரு பகுதி, இஸ்ரோ 1983-இல் தொடங்கிய வளர்ச்சி, கல்வித் தொடர்பு அலகில் வேறு பணிகளில் ஈடுபட்டது. அதன் தலைவராக இருந்த கிரண் கார்னிக் பின்னர் தனியார் தொலைக்காட்சித் துறைக்கும் நாஸ்காமுக்கும் போனார். 1990-களின் நடுவில் மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா மாவட்டத்தில் இஸ்ரோ இன்னொரு வளர்ச்சித் தொடர்புத் திட்டத்தை நடத்தியது. அதில் ஊரார் திரும்பிப் பேச வசதி இருந்தது. பேச்சு போய்ச் சேர்ந்த இடம் மறுபடியும் அகமதாபாத்.

எழுதப்பட்ட விதம் பற்றி

கேடாவைப் பற்றி எழுதியவர்கள் இரு வகை. பொறியாளர்களும் நிர்வாகிகளும் அதை ஒரு கருவி நன்றாக வேலை செய்த கதையாக எழுதுகிறார்கள். தொடர்பியல் ஆய்வாளர்கள் அதை ஒரு முறை நன்றாக வேலை செய்த கதையாக எழுதுகிறார்கள். சிங்கால், ரோஜர்ஸ் ஆகியோர் 1980-களின் இறுதியில் இந்தியத் தகவல் புரட்சியைப் பற்றி எழுதிய நூல், பரவலாக்கப்பட்ட ஒளிபரப்புக்குக் கேடாவை முன்மாதிரியாகக் காட்டுகிறது. இவை எல்லாவற்றிலும் பேசுபவர் ஒளிபரப்பியவர் அல்லது ஆய்ந்தவர். பார்த்தவர்கள் புள்ளிவிவரமாக வருகிறார்கள். அந்த நாடகங்களில் நடித்த பெண்கள் பிறகு என்ன ஆனார்கள், கூலி நாடகத்துக்கு மறுநாள் புகையிலைக் காட்டில் என்ன பேச்சு நடந்தது என்பவை பாடநூல்களுக்கு வந்து சேரவில்லை. அன்று இருபது வயதாக இருந்தவர்களுக்கு இன்று எழுபது. குஜராத்தி தெரிந்த ஆய்வு மாணவர் ஒருவர் இந்த வேலையை இன்னும் செய்ய முடியும்; நெடுநாள் காத்திருக்க முடியாது.

‘பரவலாக்கம்’ என்ற சொல்லையும் சற்றுத் தயக்கத்தோடுதான் கேடாவுக்குப் பயன்படுத்த வேண்டும். டெல்லியிலிருந்து அகமதாபாத்துக்கு வந்தது பரவல்தான். அகமதாபாத்திலிருந்து பிஜ் வரை கம்பியும் அலையும் போயின. முடிவெடுக்கும் அதிகாரம் போகவில்லை.

பின்னாளில் வானொலியில் இந்த அடுத்த அடி எடுத்து வைக்கப்பட்டது. 2004-இல் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ‘அண்ணா எஃப்எம்’ தொடங்கியது. 2008 அக்டோபரில் அன்றைய ஆந்திரத்தின் பஸ்தாபூரில் ‘சங்கம் ரேடியோ’ ஒளிபரப்பல்ல, ஒலிபரப்புத் தொடங்கியது. அதை நடத்தியவர்கள் தலித் பெண்கள். கேடாவில் நடித்தவர்களைப் போன்ற பெண்கள் இங்கே மைக்கையும் அறைச் சாவியையும் தாங்களே வைத்திருந்தார்கள். சமுதாய வானொலிக்கு இந்தியாவில் உரிமம் உண்டு. சமுதாயத் தொலைக்காட்சிக்கென அப்படி ஓர் உரிமம் இன்றுவரை இல்லை.

கேடா மாவட்டம் 1997-இல் பிரிக்கப்பட்டு, அமுலின் ஆனந்த் தனி மாவட்டமானது. பிஜ் பழைய கேடாவிலேயே இருக்கிறது.